மலைநகரின் பாதைகள் – 14: தார் முடியும் வளைவு

சென்ற வாரம் 1958 ஜனவரி 1ஆம் திகதியில் நிறுத்தியிருந்தோம். அதுவரை பஸ் முதலாளிமாரின் கையிலிருந்த வண்டிகள் அன்று இலங்கைப் போக்குவரத்துச் சபையின் (இ.போ.ச.) உடைமையாயின. அதற்கு வெகு முன்பே கடுகண்ணாவையில் மலையைக் குடைந்து வழி திறந்தார்கள். 1833இல் பேராதனையில் முதிரை மரத்தாலான ஒற்றை வளைவுப் பாலம் எழுந்தது. 1867இல் ரயில் கண்டிக்கு வந்தது. இந்தத் தொடரில் நாம் கடந்துவந்த ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே கேள்வி கூடவே வந்தது. மலைநாட்டில் எந்தப் பாதை எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்பவர் யார்?

கோப்பிக் காலத்தில் துரைமாரும் ஆளுநரும் முடிவு செய்தார்கள். 1958இல் அந்தக் கேள்விக்குப் பதில் மூன்றே எழுத்து: இ.போ.ச.

அடுத்த 40 ஆண்டுகளில் அந்தப் பதில் சிதறிப்போனது. சிதறிய துண்டுகள் எவரெவர் மேசைக்குப் போய்ச் சேர்ந்தன என்பதை இந்த வாரம் பார்ப்போம். பாராளுமன்றத்துக்கும் கச்சேரிக்கும் பிறகு போகலாம். முதலில் ஹந்தானைக்கு ஏறும் வீதிக்கு வாருங்கள்.

★

கண்டி ஆஸ்பத்திரியைத் தாண்டி ஹந்தானை வீதி ஏறத் தொடங்கும்போதே காற்று மாறிவிடும். பஸ் ஹோர்ன் சத்தம் கீழே தங்கிவிடும். 1925இல் எழுந்த ஹந்தானைத் தேயிலைத் தொழிற்சாலை, இன்று தேயிலை அருங்காட்சியகமாக அந்த வீதியோரம் நிற்கிறது. அந்தப் பக்கத்து மலையில், லயங்களுக்குப் பிரிந்து போகும் கிளைப்பாதை ஒன்றில் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைநாளில் நடந்துகொண்டிருந்தேன். ஒரு வளைவில் தார் சட்டென்று நின்றுவிட்டது. கத்தி வைத்து வெட்டியதுபோல் நேர்கோடு. அதற்கு அப்பால் கருங்கல்லும் சேறும். எல்லைப் பலகை எதுவும் இல்லை.

தலையில் படங்கை மடித்துப் போட்டுக்கொண்டு எதிரே வந்த அம்மாவிடம் கேட்டேன்.

"இது வரைக்குந்தான் தம்பி சபை ரோடு. அங்கிட்டு தோட்டத்து ரோடு."

"பஸ் மேல வராதாம்மா?"

"இங்கிட்டோட நின்னுரும். புள்ளத்தாச்சிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்னாலும் இது வரைக்கும் தூக்கிக்கிட்டுத்தான் வரணும்."

"யார் செய்யணும் இந்த ரோட்ட?"

"அதத்தான் நாங்களும் கேக்குறோம். சபையில கேட்டா தோட்டத்துல கேளுங்கறாங்க. தோட்டத்துல கேட்டா..." சொல்லிவிட்டுக் கையை விரித்தார்.

நாங்கள் நின்ற இடத்திலிருந்து கீழே நகரம் தெரிந்தது. ஏரி, ரயில் நிலையம், மணிக்கூண்டு, ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்ற பஸ்கள். மேலே பஸ் வராத வளைவு. கீழே பஸ் நகராத வீதி. இரண்டுக்கும் நோய் ஒன்றுதான் என்று எனக்கு அங்கேதான் உறைத்தது.

★

நான்காவது சுவர்

கண்டி ஒரு கிண்ணம். மகாவலி கங்கை பேராதனையில் வந்து, கட்டுகஸ்தோட்டையில் வளைந்து, தென்னக்கும்புரப் பக்கமாக இறங்கி, நகரத்தை மூன்று பக்கமும் சுற்றிக்கொள்கிறது. நான்காவது பக்கத்தை ஹந்தானை மலைத்தொடர் அடைத்து நிற்கிறது. பகைவர் எளிதில் நுழையக் கூடாதென்று மன்னர்கள் தேர்ந்த இடம் இது. இன்று ஒவ்வொரு காலையும் பள்ளிப்பிள்ளைகளும் நோயாளிகளும் அதே தடைகளைத் தாண்டித்தான் உள்ளே வருகிறார்கள்.

நகருக்கு மூன்று பெருவாசல்கள். மேற்கே பேராதனை வழியாகக் கொழும்புக்குப் போகும் ஏ1. வடக்கே கட்டுகஸ்தோட்டை வழியாக ஏ9. யாழ்ப்பாணம்வரை ஓடும் அந்த வீதி கண்டியில்தான் பிறக்கிறது. கிழக்கே தென்னக்கும்புர வழியாக மகியங்கனைக்குப் போகும் ஏ26. இவை மூன்றும் வந்து விழுவது ஏரிக்கும் ரயில் நிலையத்துக்கும் இடைப்பட்ட ஒரு சிறு நிலத்துண்டில்.

அந்தத் துண்டு நிலத்தைச் சுற்றித்தான் மத்திய மாகாணமே பிழைக்கிறது. பெரிய ஆஸ்பத்திரி, பேர்பெற்ற பாடசாலைகள், கச்சேரி, நீதிமன்றம், சந்தை, தலதா மாளிகை எல்லாம் அங்கே. அக்குறணை, குண்டசாலை, பிலிமத்தலாவை, வத்தேகம, கம்பளை என்று சுற்றுப்புறத்து ஊர்களிலிருந்து விடிந்ததும் வருகிறவர்கள் இருட்டியதும் திரும்பிப் போய்விடுகிறார்கள்.

இனி ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கண்டி மாநகர சபை 1865ஆம் ஆண்டுச் சட்டத்தில் கொழும்போடு சேர்ந்து பிறந்த சபை. அதன் அதிகாரம் அதன் எல்லைக்குள்தான். காலையில் நகரை நிரப்பும் கூட்டத்தில் பெரும்பகுதிக்கு வாக்கு வேறு சபைகளில் இருக்கிறது. நெரிசலைப் பற்றிப் பேச வேண்டிய மேயர் இவர்களுடைய வாக்கில் வந்தவர் இல்லை. இவர்களுடைய வாக்கில் வந்த தவிசாளருக்கோ நகர வீதியில் ஒரு கல்லைக்கூட நகர்த்த அதிகாரம் இல்லை.

இதற்குத் தீர்வு சபைகள் கூடிப் பேசுவது என்று ஒரு பிள்ளைக்கும் தெரியும். ஆனால் கூடிப் பேச முதலில் சபைகள் இருக்க வேண்டும். மலையில் எல்லோருக்கும் சபை இருந்ததா?

★

வரைபடத்துக்கு வெளியே

இல்லை.

நகரங்களுக்கு மாநகர சபையும் நகர சபையும் வந்தபோது கிராமங்களுக்குக் கிராமச் சபைகள் வந்தன. தோட்டம் மட்டும் எதற்குள்ளும் வரவில்லை. தோட்டம் தனியார் நிலம், அதன் பாதை துரையின் பாதை, அதில் வசிப்பவர் துரையின் ஆட்கள் என்பதே அந்தக் காலத்து நியாயம். 1930களின் பிற்பகுதியில் கிராமச் சபைச் சட்டத்தைத் திருத்தியபோது தோட்டத்து இந்தியத் தொழிலாளருக்கு அந்தச் சபைகளில் வாக்கு இல்லை என்று எழுதியே வைத்தார்கள். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. அதன் பிறகு வாக்கு என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று.

ஒரு பாதை வேண்டுமென்றால் மனு எழுதலாம். மனுவை வாங்குகிறவருக்கு உங்கள் வாக்குத் தேவையில்லை என்றால் அந்த மனு என்னவாகும்?

இதனால் கண்டியைச் சுற்றிய போக்குவரத்து வரைபடத்தில் ஒரு வினோதம் பதிந்துபோனது. பஸ் வழித்தடங்கள் கிராமத்துக்குக் கிராமம் நூல் கோத்ததுபோல் போகும். தோட்டம் வந்ததும் வாசலில் நின்றுவிடும். கொழுந்து லொறி போகப் பாதை இருந்தது. கொழுந்து பறித்தவள் ஆஸ்பத்திரிக்குப் போக அதே பாதையில் நடந்தாள்.

1972லும் 1975லும் நிலச் சீர்திருத்தம் வந்து தோட்டங்கள் அரசின் கைக்குப் போயின. துரை மாறினார். தார் அதே வளைவில்தான் நின்றது.

★

மேசைக்கு வராத நகரம்

1978இல் முதல் விரிசல். 20 ஆண்டுகள் ஒரே சபையாக நாட்டையே சுமந்த இ.போ.ச. ஒன்பது பிராந்தியச் சபைகளாகப் பிரிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு தனியார் பஸ்களுக்குக் கதவு திறந்தது. கடன் வாங்கி ஒரு பஸ் வாங்கியவர், ஓய்வூதியத்தைப் போட்டு ஒரு பஸ் வாங்கியவர் என்று ஒற்றை வண்டி முதலாளிகள் பெருகினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. இ.போ.ச. பஸ்ஸுக்காக இரண்டு மணி நேரம் மழையில் காத்துக் கிடந்த ஊர்களுக்கு அந்தச் சின்ன பஸ்தான் முதலில் வந்தது. ஆனால் ஒரு பஸ்தான் பிழைப்பு என்று ஆகும்போது ஒவ்வொரு ஆசனமும் பிழைப்பாகிவிடுகிறது. ஆள் நிறையும்வரை பஸ் நிலையத்தைவிட்டு நகராத பழக்கமும், முன்னால் போகும் பஸ்ஸை முந்தி அடுத்த தரிப்பிடத்து ஆட்களை அள்ளும் ஓட்டமும் அப்படி வந்தவை.

இந்த நேரத்தில்தான் வரலாறு ஒரு நல்ல வாய்ப்பைக் கொண்டுவந்து வைத்தது. 1980ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டப்படி மாவட்ட அபிவிருத்திச் சபைகள் பிறந்தன. தமிழ் வாசகருக்கு அந்தச் சபைகள் என்றதும் 1981 யாழ்ப்பாணத் தேர்தலும் எரிந்த நூலகமும்தான் நினைவுக்கு வரும். கண்டி மாவட்டத்தில் அதே சட்டம் வேறொரு காரியம் செய்தது. கிராமச் சபைகளையும் பட்டினச் சபைகளையும் கலைத்து, அவற்றின் வேலைகளை மாவட்டத்துக்கு ஒன்றான சபையிடம் கொடுத்தது.

மாவட்டம் முழுவதற்கும் ஒரு சபை! ஹாரிஸ்பத்துவக்காரரும் உடுநுவரக்காரரும் ஒரே மேசையில். பாதை, பாலம், பஸ் நிலையம் என்று எல்லாவற்றையும் சேர்த்து யோசிக்க இதைவிட நல்ல ஏற்பாடு வேண்டுமா?

ஆனால் அந்தச் சட்டம் மாநகர சபைகளையும் நகர சபைகளையும் தொடவில்லை. அவை முன்போலவே தனியே நின்றன. கிராமங்கள் மேசைக்கு வந்தன. எல்லாக் கிராமத்துப் பஸ்களும் போய்ச் சேரும் நகரம் மேசைக்கு வரவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் கையில் அதிகாரமும் குறைவு, காசும் குறைவு. ஏழாண்டுகூட முழுமையாக நிலைக்காமல் அந்த ஏற்பாடு கரைந்தது.

கண்டியின் போக்குவரத்து வரலாற்றில் நழுவவிட்ட தருணம் எதுவென்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். 1998ஐச் சொல்பவர்கள் அதிகம். அதற்கு வருகிறேன்.

★

கிழக்கே எழுந்த கூட்டம்

அதற்கு முன் கிழக்கு வாசலைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1985இல் விக்டோரியா அணை திறக்கப்பட்டது. 122 மீற்றர் உயர அணைக்குப் பின்னால் மகாவலி தேங்கியபோது பழைய தெல்தெனிய நகரம் நீருக்குள் போனது. மக்கள் மேட்டுக்கு ஏறினார்கள். புதிய தெல்தெனிய எழுந்தது. திகன, குண்டசாலைப் பக்கம் வீடுகள் பெருகின. முன்பு தெல்தெனியக் கடைத்தெருவோடு முடிந்த பல பயணங்கள் கண்டிவரை நீண்டன.

மகாவலித் திட்டத்தில் மின்சாரத்தையும் நீரையும் கணக்கிட்டார்கள். ஏ26 வழியாகக் காலை ஏழு மணிக்குக் கண்டிக்குள் எத்தனை பஸ் கூடுதலாக வரும் என்ற கணக்கு எந்தச் சபையின் மேசையில் இருந்திருக்க வேண்டும்? அப்படி ஒரு மேசையே அப்போது இல்லை.

★

ஒரே தரிப்பிடம், இரண்டு அனுமதிப்பத்திரம்

1987 நவம்பரில் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் நிறைவேறியது. அதே ஆண்டில் பிரதேச சபைச் சட்டமும் வந்தது. 1988இல் மாகாண சபைகளுக்குத் தேர்தல் நடந்தது. பிரதேச சபைகளுக்கு 1991இல். இனப்பிரச்சினைக்குத் தீர்வாகத்தான் இந்தத் திருத்தத்தை நாம் வாசித்துப் பழகியிருக்கிறோம். பஸ்ஸில் போகிறவரின் கண்ணால் ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

மாகாணத்துக்குள் ஓடும் பஸ்களை ஒழுங்குபடுத்துவது மாகாண சபையின் பொறுப்பு. மாகாண எல்லையைத் தாண்டும் பஸ் மத்திய அரசின் பொறுப்பு. 1991இல் அதற்கென்று தேசிய போக்குவரத்து ஆணைக்குழு வந்தது. ஏ, பி வகுப்பு வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. சி, டி வகுப்பு மாகாணத்துக்கு. மிச்சமுள்ள சிறு வீதிகள் உள்ளூராட்சி சபைகளுக்கு. ரயில் கொழும்புக்கு. போக்குவரத்துப் பொலிஸ் கொழும்புக்கு. தோட்டத்துப் பாதை வழக்கம்போல் யாருக்கும் இல்லை.

பிலிமத்தலாவைத் தரிப்பிடத்தில் காலை ஏழரை மணிக்கு நில்லுங்கள். கடுகண்ணாவையிலிருந்து ஒரு பஸ் வரும். அது மத்திய மாகாணத்துக்குள்ளேயே ஓடும் பஸ், ஆகவே மாகாண அனுமதிப்பத்திரம். அதன் பின்னாலேயே மாவனல்லையிலிருந்து ஒரு பஸ் வரும். மாவனல்லை கேகாலை மாவட்டம், சப்ரகமுவ மாகாணம். ஆகவே அது கொழும்பில் கொடுத்த அனுமதிப்பத்திரம். இரண்டும் ஒரே வீதியில், ஒரே கூட்டத்தை ஏற்றி, ஒரே ஊருக்குப் போகின்றன. இரண்டின் நேர அட்டவணையையும் ஒரே காகிதத்தில் எழுதும் கை எது?

அந்த ஊருக்குப் பக்கத்திலேயே கண்டிக்குப் போகும் ரயில் பாதையும் ஓடுகிறது. அந்த ரயில் எத்தனை மணிக்கு வரும் என்பது மூன்றாவது ஒருவரின் காகிதத்தில் இருக்கிறது. 1880இல் மாத்தளைக்குப் போட்ட பாதை, கண்டி நிலையத்திலிருந்து சுரங்கம் வழியாக மஹியாவையைத் தொட்டு, கட்டுகஸ்தோட்டை, வத்தேகம என்று ஊர் ஊராகப் போகிறது. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் வாகனங்கள் வரிசை கட்டி நிற்கும் வேளையில் அந்தத் தண்டவாளம் பெரும்பாலும் வெறுமையாகக் கிடக்கும்.

பிறகு கண்டி. இறங்குமிடம் மாநகர எல்லைக்குள். கொழும்புப் பக்கத்துத் தூரப் பஸ்களுக்கு ரயில் நிலையத்தடியில் குட்ஷெட் பஸ் நிலையம் இருந்தது. மற்றப் பக்கத்துப் பஸ்கள் மணிக்கூண்டடியிலும் டொரிங்டனிலும் போகம்பறைப் பக்கத்திலும் என்று பிரிந்து நின்றன. ஒன்றிலிருந்து இறங்கி மற்றொன்றில் ஏற, பையும் பிள்ளையுமாகக் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது.

மணிக்கூண்டைப் பற்றி ஒரு வார்த்தை. 1947இல் வீதி விபத்தொன்றில் இறந்த மகனுக்காக ஒரு தந்தை எழுப்பிய நினைவுச் சின்னம் அது. 1950 டிசம்பரில் பிரதமர் டி.எஸ். சேனநாயக்க அதைத் திறந்துவைத்தார். ஆயிரமாயிரம் பேர் நேரம் பார்க்க அண்ணாந்து பார்க்கிறார்கள். வீதி பறித்த ஓர் இளைஞனின் நினைவை அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

90களின் தொடக்கத்தில் மக்கள்மயப்படுத்தல் வந்தது. டிப்போக்கள் தனித்தனிக் கம்பனிகளாகி, பாதிப் பங்குகள் ஊழியருக்குப் போயின. 1958இல் ஒரே முகவரிக்கு எழுதிய முறைப்பாட்டை இப்போது எந்த முகவரிக்கு எழுதுவதென்று கண்டறிவதே ஒரு வேலையாயிற்று.

★

ஞாயிறு அதிகாலை

1998 ஜனவரி 25. ஞாயிற்றுக்கிழமை.

இன்னும் பத்து நாளில் சுதந்திரத்தின் 50ஆவது ஆண்டு விழா. கண்டியில் நடத்துவதாக ஏற்பாடு. பிரித்தானிய இளவரசர் சார்ள்ஸ் வருவதாக இருந்தது. நகரம் வெள்ளையடித்துக்கொண்டிருந்தது.

ஆறு மணி கடந்து சில நிமிடங்கள். தலதா மாளிகையில் காலைப் பூசை நேரம். மலர்த்தட்டோடு வருகிறவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். வெடிமருந்து நிரப்பிய லொறி ஒன்று காவற்தடைகளைத் தாண்டி மாளிகை வாசலுக்குப் பாய்ந்து வெடித்தது.

விடுதலைப் புலிகளின் தாக்குதல் அது. வழிபட வந்த சாதாரண மக்களும் குழந்தையும் மாண்டார்கள். மாளிகையின் முகப்பும் கூரையும் சிதைந்தன. எதிரே குயின்ஸ் ஹோட்டலிலும் புனித பவுல் தேவாலயத்திலும் கண்ணாடிகள் நொறுங்கின. சில நாட்களில் இயக்கம் தடைசெய்யப்பட்டது. விழா கொழும்புக்கு மாறியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கண்டித் தமிழர் வீடுகளில் எப்படிக் கழிந்தது என்பதை அங்கே இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். சாத்திய கதவு. தணித்து வைத்த வானொலி. 1983 இனக்கலவரத்தைக் கண்ட பெரியவர்கள் ஒன்றும் பேசாமல் பிள்ளைகளை உள்ளறைக்குள் இருத்தினார்கள். அந்தத் துயரத்தையும் அச்சத்தையும் பற்றி எழுத வேண்டியவை இன்னும் நிறைய உண்டு. இந்தத் தொடரின் நூலைப் பிடித்து நான் வீதிக்குத் திரும்புகிறேன்.

மாளிகைக்கு முன்னால் ஓடிய வீதி அன்று மூடப்பட்டது.

கிழக்கு வாசல் வழியாக நகரத்துக்குள் நேராக வந்த வீதி அது. மாளிகை செப்பனிடப்பட்டது, 1999இல் மக்கள் மீண்டும் வழிபட்டார்கள். போர் 2009இல் முடிந்தது. வீதி மட்டும் வாகனங்களுக்குத் திறக்கவில்லை.

★

ஏரியைச் சுற்றி

தெல்தெனிய, திகன, குண்டசாலையிலிருந்து வந்த அத்தனை வாகனமும் இப்போது ஏரியைச் சுற்ற வேண்டியதாயிற்று. மல்வத்து விகாரைப் பக்கத்து சங்கராஜ மாவத்தை, ஒரு காலத்தில் ஆட்கள் மாலையில் காலாற நடந்த வீதி. இன்று ஒரு மாகாணத்தின் கிழக்குப் பாதியே அதில் நெருக்கியடித்துக்கொண்டு வருகிறது. மரநிழலில் கொக்குகள் இருக்கின்றன. கீழே பஸ்கள் இயந்திரத்தை நிறுத்தாமல் நிற்கின்றன.

கிண்ணத்துக்குள் விட்ட புகை எங்கே போகும்? பேராதனைப் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் ஓ.ஏ. இலெபெரும கண்டியின் காற்றைப் பல ஆண்டுகள் அளந்து எச்சரித்துக்கொண்டே வந்தார். மலைகள் சூழ்ந்த பள்ளத்தில் வாகனப் புகை கலைந்து போகாமல் தேங்குகிறது. அந்தப் புகையில் பிள்ளைகள் பாடசாலைக்குப் போகிறார்கள்.

வீதியைத் திறவுங்கள் என்று வியாபாரிகளும் பயணிகளும் கேட்டார்கள். மாளிகையின் புனிதத்தையும் பாதுகாப்பையும் சொல்லி மற்றவர்கள் மறுத்தார்கள். இரு பக்கத்து வாதத்திலும் நியாயம் உண்டு. மாளிகைக்கு முன் வாகனம் ஓடாத அமைதி எனக்குப் பிடித்தமானது. அதை இழக்க நான் கேட்க மாட்டேன். என் ஆதங்கம் வேறு. ஒரு பெருவாசல் ஒரே நாளில் மூடியபோது, மாற்று என்னவென்று மாநகர சபையும் குண்டசாலை, பாத்ததும்பரப் பிரதேச சபைகளும் மாகாணமும் ரயில்வேயும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு திட்டம் போட்டிருக்க வேண்டும். கிழக்கிலிருந்து வரும் பஸ்ஸை ஏரிக்கு வெளியே எங்கே நிறுத்துவது, அங்கிருந்து மக்களை எப்படிக் கொண்டு போவது, அந்த நிலையத்துக்குக் காணி யாருடையது, காசு யாருடையது? 1998இல் வீதியை மூடியது வெடிகுண்டு. அதன் பிறகான ஆண்டுகளை விழுங்கியது இந்தக் கேள்விகளுக்கு ஒரு மேசை இல்லாமை.

வீதியை அகலமாக்கலாமே என்பீர்கள். 1988இல் யுனெஸ்கோ கண்டியை உலக மரபுரிமை நகரமாக ஏற்றது. பழைய கட்டடங்களை இடித்து வழி செய்யும் நகரம் இல்லை இது. இருக்கிற வீதியைப் பங்கிட்டுக்கொள்வதுதான் ஒரே வழி. பங்கிட வேண்டியவர்கள் ஒரு டசின் பேர்.

அவர்கள் ஒரே அறையில் கூடுவதே இல்லை என்று சொல்ல முடியாது. கச்சேரியில் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழு கூடும். பாராளுமன்ற உறுப்பினர்கள், தவிசாளர்கள், அதிகாரிகள் எல்லோரும் இருப்பார்கள். யானை வேலியும் குடிநீரும் பாடசாலைக் கூரையும் பேசி முடிக்கவே பொழுது போய்விடும். பஸ்ஸுக்கு வந்தால், "சம்பந்தப்பட்ட தரப்பினர் கவனிக்கவும்" என்று குறிப்பில் ஏறும்.

வேறு ஊர்கள் இதே முடிச்சை அவிழ்த்திருக்கின்றன. ஜெர்மனியில் ஹம்பர்க் 1965இலேயே பஸ்ஸையும் ரயிலையும் ஒரே கூட்டமைப்பில் சேர்த்தது. ஒரே சீட்டு, ஒரே கட்டணம். சென்னை 2010இல் ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமத்துக்குச் சட்டம் போட்டது. ஆனால் அந்தக் குழுமம் நடைமுறையில் இயங்கத் தொடங்க ஒரு பத்தாண்டுக்கு மேல் பிடித்தது. சட்டம் எழுதுவதைவிட, தன் கையிலிருந்த அதிகாரத்தில் ஒரு பிடியைப் பொதுவில் வைக்க ஒவ்வொருவரையும் சம்மதிக்கவைப்பது கடினம் என்பதைச் சென்னை கண்டது.

★

வளைவுக்கு மேலே

ஹந்தானை வளைவில் நாம் விட்டுவந்த அம்மாவுக்குத் திரும்புவோம்.

2003இல் வந்த சட்டத்தோடு மலையகத்தில் நாடற்றவர் என்று எஞ்சியிருந்தவர்களுக்கும் குடியுரிமை கிடைத்தது. ஆனால் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆவது பிரிவு, தோட்டத்துக்குள் சபை காசைச் செலவிடுவதற்குத் தடையாகவே நின்றது. வாக்குக் கேட்டு லயத்துக்கு வந்த உறுப்பினர், வென்ற பிறகு லயத்துப் பாதைக்கு ஒரு வண்டி கல் கொட்ட முடியவில்லை. மலையகப் பிரதிநிதிகள் ஆண்டுக்கணக்கில் முட்டி மோதி 2018இல்தான் அந்தப் பிரிவைத் திருத்தவைத்தார்கள். தோட்டக் குடியிருப்புகளுக்கும் பிரதேச சபை செலவிடச் சட்டத்தில் வழி பிறந்தது.

80 ஆண்டுகளுக்குப் பிறகு வளைவுக்கு மேலேயும் வரைபடம் நீண்டது.

ஆனால் அதே 2018இல் இன்னொன்றும் நடந்தது. மத்திய மாகாண சபையின் பதவிக்காலம் முடிந்தது. அதன் பிறகு ஆண்டுக்கணக்கில் தேர்தல் நடக்கவில்லை. பஸ்ஸுக்கு வழித்தடம் கொடுக்க வேண்டிய மாகாணத்தில் மக்கள் தேர்ந்த சபை இல்லை. ஆளுநரின் கீழ் அதிகாரிகள் நடத்தினார்கள். 2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் காலமும் முடிந்து, 2025 மே மாதத் தேர்தல்வரை அந்த ஆசனங்களும் காலியாகக் கிடந்தன. தோட்டத்துக்காரர் மேசைக்கு வரலாம் என்று சட்டம் சொன்ன நேரத்தில் மேசையின் மற்றப் பக்கத்து நாற்காலிகளில் ஆள் இல்லை.

இந்த வெறுமைக்கு நடுவே, ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், குட்ஷெட் பஸ் நிலையம் இருந்த நிலத்தில், உலக வங்கிக் கடனோடு ஒரு பெருந்திட்டம் வந்தது. பஸ்களையும் ரயிலையும் ஒரே கூரைக்குள் சேர்க்கும் பன்முகப் போக்குவரத்து நிலையம். கண்டியில் நெடுங்காலமாகத் தனித்தனியே நின்றவை எல்லாம் ஒரு கட்டடத்துக்குள் வரப்போகின்றன என்று சொன்னார்கள்.

கூரை ஒன்றாகலாம். மாவனல்லைப் பஸ்ஸின் அனுமதிப்பத்திரமும், கடுகண்ணாவைப் பஸ்ஸின் அனுமதிப்பத்திரமும், ரயிலின் நேரமும், ஹந்தானை வளைவோடு நின்றுவிடும் பஸ்ஸும் ஒரே காகிதத்துக்கு வந்தாக வேண்டுமே. அந்தக் காகிதத்தை எழுத எல்லோரையும் கூப்பிடப் போகிறவர் யார்? கூப்பிடும்போது, தார் முடியும் இடத்துக்கு அப்பாலிருந்து ஒருவருக்கும் அழைப்புப் போகுமா?

(அடுத்த வாரம்: குட்ஷெட்)